இளையவன் வைக்காத கொள்ளி

வவுனியா
7.3.1963

அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். உங்களுடைய சுகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் சவத்துக்கு முன்னால் நான் சுடலையில் நின்று கத்தினேன் என்று வல்வெட்டித்துறை முழுக்க இப்போது கதையாக இருக்கும். கத்தத்தான் செய்தேன். விடிய உங்கள் தந்தி கிடைத்த கையோடு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டவன், பொழுது படுகிற நேரம் கடற்கரைச் சுடலைக்கு வந்து சேர்ந்தபோது அம்மா எரிந்துகொண்டிருந்தார். குடம் உடைந்து கிடந்தது. நீங்கள் ஈர வேட்டியோடு நின்றீர்கள். நான் அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைப்பான். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அப்புவுக்கு நீங்கள் வைத்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்கு வைக்க வேண்டியவன் நான்.

ஏன் பிந்தினாய் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளுங்கள். மாங்குளம் தாண்டிச் சங்கிலி அறுந்தது. கண்ணி ஒன்று பிளந்துபோனது. மாற்றுக் கண்ணி என்னிடம் இருந்தது, அதனால் நான் பயப்படவில்லை. ஆனால் பிளந்ததைக் கழற்றினால்தான் மற்றதைப் பூட்டலாம். அதற்கென்றே ஒரு சின்னச் சாமான் இருக்கிறது, தீப்பெட்டி அளவு. திருகாணியைத் திருகத் திருக ஒரு கூர்முனை சங்கிலியின் ஆணியை வெளியே தள்ளிவிடும். தோல்பையைத் திறந்தால் அது இல்லை. கல்லாலும் துருப்பிடித்த ஆணியாலும் குத்திக் குத்தி அந்தக் கண்ணியைக் கழற்றிக்கொண்டு திரும்ப ஏறியபோது மத்தியானம் எப்போதோ போய்விட்டது.

அந்தச் சாமான் எங்கே போனது? பொங்கலுக்கு நான் வந்தபோது, வள்ளத்து மெசினைச் சுற்றித் தொடக்குகிற சங்கிலியைத் திருத்த வேண்டும் என்று நீங்கள்தான் அதை என்னிடம் வாங்கினீர்கள். திருப்பித் தரவில்லை. என்னை றோட்டில் இருத்தியதும் நீங்கள், என்னுடைய இடத்தில் நின்று கொள்ளி வைத்ததும் நீங்கள்.

இந்த மாதக் கடைசியில் முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டி. அம்மாவுக்கு இனி மிச்சம் இருக்கிற பெரிய கிரியை அது ஒன்றுதான். அதை நான்தான் செய்வேன். குருக்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சோமசேகரம்


வல்வெட்டித்துறை
11.3.1963

சேகரம் அறிவது,

தபால்காரன் கடிதத்தைத் தந்தபோது துடக்கு காக்கிற செத்த வீட்டுக்கு ஏதோ ஆறுதல் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். மகாதேவி வாசித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன். உன் மச்சாளுக்கு உன்மேல் இருக்கிற மரியாதையை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

நீ ஏன் பிந்தினாய் என்று கேட்க எனக்குத் தேவை இருக்கவில்லை. பதில் உனக்கு முன்னமே வந்துவிட்டது. நெல்லு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் ஊர் ஆழ்வாப்பிள்ளை உன்னை றோட்டில் கண்டு லொறியை நிறுத்தியிருக்கிறான். அம்மா செத்துப்போனார், கொள்ளி வைக்கப் போகிறேன் என்று நீயேதான் அவனிடம் சொன்னாய். மோட்டார் சைக்கிளை ஏற்ற இடமில்லை, அதை றோட்டோரப் பற்றைக்குள் தள்ளிவிட்டு ஏறு என்று அவன் ஒருதரத்துக்கு இரண்டுதரம் சொல்லியிருக்கிறான். நீ சொன்ன மறுமொழியை நான் எழுதட்டுமா? "நீங்கள் போங்கோ அண்ணை, அரை மணித்தியாலத்திலை முடிச்சிடுவன்."

அவன் நேரே செத்த வீட்டுக்கு வந்து, சேகரம் வந்துவிட்டானா என்று கேட்டான். பந்தலுக்குள் இருந்த சனம் முழுக்க அதைக் கேட்டது. பெற்ற தாய் வீட்டில் சவமாய்க் கிடக்கிறார், இவன் சங்கிலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு றோட்டில் இருக்கிறான். அப்படி இருந்தவன் இப்போது எனக்கு முறை படிப்பிக்கிறான். நான் உப்புத் தண்ணீரில் கிடந்து உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியது இப்படிக் கடிதம் எழுதவா?

உன் சாமானை நான் விழுங்கவில்லை. வேலை முடிந்தவுடன் கொண்டுவந்தேன். நீ கிணற்றடியில் நின்றாய். அம்மாவின் கையில் கொடுத்து உன் பைக்குள் போடச் சொன்னேன். என்னுடைய வேலை அதோடு முடிந்தது.

அந்தியேட்டி விஷயம் குருக்களிடம் கேட்டாகிவிட்டது. கொள்ளி வைத்தவன்தான் அதையும் முடிக்க வேண்டுமாம். இடையில் கை மாற ஏலாதாம். நீ வந்து நிற்பதென்றால் நில்.

கனகசபாபதி


வவுனியா
14.3.1963

அண்ணைக்கு,

ஆழ்வாப்பிள்ளையர் சொன்னது உண்மை. அவர் கூப்பிட்டார், நான் ஏறவில்லை.

அது கந்தோர் மோட்டார் சைக்கிள். குளங்களையும் வாய்க்கால்களையும் பார்த்துத் திரிகிற ஓவசியருக்கென்று அரசாங்கம் தந்தது. பற்றைக்குள் விட்டுவிட்டு வந்தால் அடுத்தநாள் எலும்புதான் மிஞ்சும். ஆனால் அதற்காக நான் நிற்கவில்லை. என்னால் திருத்த முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நின்றேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

நான் வரும்போதெல்லாம் அந்தத் தோல்பையைப் பார்த்து, அம்பட்டன் பெட்டி கொண்டுவந்திருக்கிறான் என்று நையாண்டி பண்ணுவீர்கள். கறாச்சில் தொங்குகிற பெருஞ் சாமான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஏலாது. எனக்கு இருக்கிற இடம் ஒரு சோற்றுப் பார்சல் வைக்கிற அளவு. அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று ஐந்து வருஷமாக யோசித்துச் சேர்த்த பை அது. றோட்டில் கிடக்கிற கல்லும் கம்பியும் செய்யக்கூடிய வேலைக்கு நான் சாமான் எடுப்பதில்லை. வேறு எதனாலும் செய்ய ஏலாத வேலைக்குத்தான் எடுப்பேன். அதனால் சுத்தியலும் எடுக்கவில்லை, பெரிய குறடும் எடுக்கவில்லை. பிளக் கழற்றுகிற குழாய்ச் சாவியை வைத்து, அதன் பிடியைத் தட்டையாக அராவி ரயர் நெம்பவும் உதவுகிற மாதிரிச் செய்தேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மக்னீற்றோவைத் திருத்த விரல் நீளச் சாவி ஒன்று, அதன் முனையிலேயே இடைவெளி பார்க்கிற தகடு. சில்லின் ஆரைக்கம்பி முறுக்க இன்னொன்று, அது ஐம்பது சதக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. போன மாரியில் நெடுங்கேணிக் காட்டில் வெள்ளத்துக்குள் வண்டி நின்றபோது இந்தப் பைதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சங்கிலிச் சாமானைக் கொழும்பில் கடை கடையாக ஏறித் தேடி எடுத்தேன். அது பைக்குள் இருந்திருந்தால் ஆழ்வாப்பிள்ளையர் என்னைக் கண்டிருக்கவே மாட்டார்.

இல்லை என்று கண்டவுடன் ஏன் ஏறவில்லை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் சங்கிலியின் ஆணி கொஞ்சம் அசைந்தது. அசையாமல் இருந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன். அசைகிறதை விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. இது உங்களுக்கு விளங்காது.

சாமானை அம்மாவின் கையில் கொடுத்தேன் என்கிறீர்கள். இல்லை என்று சொல்ல அம்மா இல்லை. நல்ல சாட்சியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். சொந்தக் குற்றத்தைச் செத்தவரின் தலையில் போட உங்களுக்கு வாய் கூசவில்லை.

அந்தியேட்டியை நான் விடமாட்டேன்.

சோமசேகரம்


வல்வெட்டித்துறை
18.3.1963

சேகரம் அறிவது,

சாட்சியை உனக்கே அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சல் வரும்.

நேற்று மகாதேவி அம்மாவின் கொட்டைப்பெட்டியைத் துப்பரவாக்கினாள். காய்ந்த வெற்றிலைக்கும் பாக்குச் சீவலுக்கும் அடியில் துணித்துண்டில் சுற்றி உன்னுடைய சாமான் இருந்தது. பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பொங்கல் முடிந்து நீ வெளிக்கிடுகிற அன்று அம்மா உன் பைக்குள் பனம்பழப் பினாட்டுப் பொட்டலம் ஒன்றை வைக்கப் பார்த்தார். இடம் காணவில்லை. நான் கொடுத்த சாமான் கையில் இருந்தது. அதைப் பைக்குள் போடாமல், அதன் இடத்தில் பினாட்டை வைத்துவிட்டு மகாதேவியிடம் சொன்னாராம்: "உந்த இரும்புத்துண்டு அவனுக்கு என்னத்துக்கு? கடைச் சாப்பாடு திண்டு மெலிஞ்சு போனான். அடுத்தமுறை வரேக்கை குடுப்பம்."

ஐந்து வருஷமாக யோசித்துச் சேர்த்தாய். எது வேண்டும், எது வேண்டாம் என்று அம்மா ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்துவிட்டார். இனி ஆரோடு சண்டை பிடிக்கப் போகிறாய்?

அதோடு நான் விடப்போவதில்லை. பொங்கலிலிருந்து மாசி மாதம் முழுக்க அந்தப் பையை ஒருநாள்கூடத் திறந்து சரிபார்க்காதவன், சாமான் தெரிந்தெடுப்பதில் தான் கெட்டிக்காரன் என்று எனக்கு மூன்று பக்கம் எழுதுகிறான். நான் வள்ளம் தள்ள முன்னம் ஒவ்வொருமுறையும் பெட்டியை மணலில் கொட்டிப் பார்ப்பேன். அதற்குள் சுத்தியல், உளி, குறடு, கொஞ்சம் கம்பி, கயிறு. பார்க்க ஒன்றும் பெருமையாக இருக்காது. ஒன்று கடலில் விழுந்தால் மற்றது அந்த வேலையைப் பார்க்கும். உன்னுடைய பையில் ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் சும்மா பாரம். சின்னச் சுத்தியல் ஒன்று இருந்திருந்தால் அந்த ஆணியை நாலு அடியில் வெளியே எடுத்திருப்பாய், அம்மாவின் முகத்தையும் பார்த்திருப்பாய்.

குருக்கள் சொன்னது சொன்னதுதான்.

கனகசபாபதி


வவுனியா
21.3.1963

அண்ணைக்கு,

பார்சல் கிடைத்தது. சுற்றியிருந்த துணி அம்மாவின் பழைய சேலைக் கரை. நம்புகிறேன். நீங்கள் அதை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இதை எழுதாமல் விடத்தான் எனக்கு ஆசை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இங்கே வந்த அன்றைக்கே பினாட்டை எடுத்தேன். பொட்டலத்தை எடுத்தவுடன் பை ஒருபக்கம் தொய்ந்துபோனது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கந்தோரில் எல்லாருக்கும் கொடுத்து ஒரு கிழமையாகச் சாப்பிட்டேன்.

சரி. பை பார்க்காத பிழை என்னுடையது. லொறியில் ஏறாத விசரும் என்னுடையதுதான். இனி உங்களுடையதற்கு வருவோம்.

நான் றோட்டில் நிற்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று ஆழ்வாப்பிள்ளையர் மத்தியானமே உங்களிடம் சொல்லிவிட்டார். தெரிந்துகொண்டு ஏன் ஓர் இரவு பொறுக்கவில்லை? விடிந்தால் சனிக்கிழமை, சனிக்கிழமை சவம் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிக்கொண்டு அந்த ஊரில் எத்தனை சவம் சனிக்கிழமையில் போயிருக்கிறது. இளையதம்பிக் குஞ்சியப்புவைக் கொண்டுபோனதே அப்படித்தான். பாடையைப் பிடித்தவர்களில் நீங்களும் ஒருவர். எங்கள் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுக்கா பஞ்சம் வந்தது?

காரணத்தை நான் சொல்கிறேன். உங்களுக்கு வைக்க ஆசை. அப்புவுக்கும் நீங்கள், அம்மாவுக்கும் நீங்கள், நான் அந்த வீட்டில் பிறக்காத மாதிரி. சின்ன வயதிலிருந்தே அம்மா என்னோடு கொஞ்சினால் உங்கள் முகம் கறுக்கும். அவர் செத்த பிறகாவது அந்தப் பொறாமை போயிருக்க வேண்டும்.

விட்டுத்தராவிட்டால் நான் வேறு குருக்களைக் கூட்டிக்கொண்டு அதே நாள் கீரிமலைக்கு வருவேன். கேணியின் ஒரு கரையில் நீங்கள் செய்யுங்கள், மறுகரையில் நான் செய்கிறேன். ஒரு தாய்க்கு இரண்டு அந்தியேட்டி நடக்கட்டும். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும்.

சோமசேகரம்


வல்வெட்டித்துறை
25.3.1963

சேகரம்,

ஓம், ஆசைதான்.

மிச்சத்தையும் கேள். வாசித்துவிட்டுக் கிழித்துப்போடு. இது மகாதேவிக்கும் தெரியாது.

அம்மா திடீரென்று சாகவில்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் விழுந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார், அதனால் உனக்கு அறிவிக்கவில்லை. அதில் பிழை இல்லை. புதன்கிழமை அறிவு தடுமாறியது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கேள்விதான். சேகரம் வந்துவிட்டானா? கஞ்சி பருக்குகிறவன் நான், துணி மாற்றுகிறவன் நான், கடலுக்குப் போகாமல் காலடியில் இருக்கிறவனும் நான். கண்ணைத் திறந்தால் என்னைத் தாண்டி வாசலைப் பார்க்கிறார்.

அப்போது தந்தி அடித்திருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போக வெளிக்கிட்டேன், வாசல் படலையோடு திரும்பிவிட்டேன். எரிச்சல். உன்னிலும் எரிச்சல், அவரிலும் எரிச்சல். நீ வந்து தலைமாட்டில் நின்றால் எழும்பி இருந்து சிரிப்பார், நான் இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரிப் போய்விடும் என்று பட்டது.

வியாழக்கிழமை பின்னேரம் மறுபடியும் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஓம் அம்மா, வந்திட்டன்" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவில்லை. நீ என்று நினைத்துக்கொண்டு என்னோடு கதைத்தார். "அண்ணை கடலாலை வந்திட்டானோ? அவன் வாய் திறந்து கேக்க மாட்டான். நீதான் சோறு போட்டுக் குடுக்க வேணும்" என்றார். நான் நீயாக இருந்து, "அண்ணை சாப்பிட்டிட்டார் அம்மா" என்றேன். அவருக்கு அதில் ஒரு நிம்மதி. அவர் என்னைப் பற்றி அப்படிக் கவலைப்பட்டுக் கதைத்ததை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை, சேகரம். அதைக் கேட்க எனக்கு உன்னுடைய பேர் தேவைப்பட்டது. விடிய முன்னம், கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அதன் பிறகுதான் தந்தி அடித்தேன். நீ லொறியில் ஏறவில்லை என்று ஆழ்வாப்பிள்ளை வந்து சொன்னபோது பந்தலில் இருந்தவர்கள் என்னைக் கோபக்காரனாகக் கண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அவர் கடைசியாகப் பிடித்த கை என்னுடையது, அதே கை கொள்ளியும் வைக்கட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை என்றது ஊருக்குச் சொன்ன சாட்டு.

விட்டுத்தர மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு குருக்களைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால் வா. நான் தடுக்க மாட்டேன். நீ கேட்டாய், சொன்னேன்.

கனகசபாபதி


வவுனியா
28.3.1963

அண்ணைக்கு,

வாசித்தேன். கிழிக்கவில்லை.

புதன்கிழமை தந்தி அடித்திருந்தால் நான் அம்மாவை உயிரோடு கண்டிருப்பேன். சங்கிலி பத்து இடத்தில் அறுந்திருந்தாலும் வந்து சேர நேரம் இருந்திருக்கும். படலை மட்டும் போய்த் திரும்பினீர்கள். இதை நான் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். இனி மச்சாளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வீட்டுக்கு வருவேன். உங்களோடு கதைப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் கடிதம் வந்த நேரம் தொடக்கம் இன்னொன்றும் மனதில் கிடந்து உழல்கிறது. நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அம்மா போனார் என்றுதான் இவ்வளவு நாளும் செத்துச் செத்துப் பிழைத்தேன். உங்களைத் திட்டி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அடியில் அதுதான் இருந்தது. அவர் அப்படிப் போகவில்லை. நான் வந்தேன், கையைப் பிடித்தேன், அண்ணை சாப்பிட்டதைச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். நீங்கள் எரிச்சலில் சொன்ன பொய் அது. அதற்கு உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் விடுகிறேன்.

நான் ஒரு குருக்களையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீரிமலையில் சனத்தோடு சனமாகப் பின்னால் நிற்பேன். கொள்ளி வைத்த கை மாற ஏலாது என்றால் மாற வேண்டாம், அந்தியேட்டியை நீங்களே செய்யுங்கள்.

தொடங்க முன்னம் குருக்கள், செய்கிறவருடைய பேரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். அப்போது உங்கள் பேரைச் சொல்லாதீர்கள். சோமசேகரம் என்று சொல்லுங்கள். நட்சத்திரம் அனுஷம். உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது.

சோமசேகரம்